‘கெட்’ என்ற ஆங்கில வினையைக் கையாளும் முறை: மலையில் தொழில் செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் ஆங்கிலம் பலருக்குப் பிழைப்போடு கலந்த மொழியாக இருக்கிறது. உதகையில் வாடகைக் கார் ஓட்டுபவரும், குன்னூரில் தம் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவரும், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கடிதங்களைக் கவனிப்பவரும், சேரிங் கிராஸில் வர்க்கியும் தைலமும் விற்பவரும் பள்ளியில் படித்ததைவிடக் காதால் கேட்டே அம்மொழியை அதிகம் கற்றிருக்கிறார்கள். நீளமான ஆங்கிலச் சொற்கள் இவர்களுக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. அத்தகைய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும், ஒருமுறை அகராதியைப் பார்த்தால் முடிந்துவிடும். ‘கெட்’ என்ற ஓரசைச் சொல்தான் ஆளைத் திணறடிக்கிறது.

பள்ளி அகராதி அதற்குப் ‘பெறு’ என்று பொருள் தருகிறது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் காரில் ஏறும் பயணி ‘வென் டூ வி கெட் டு ஊட்டி?’ என்று கேட்கிறார். பர்லியாரைத் தாண்டியதும் ‘இட் இஸ் கெட்டிங் கோல்ட்’ என்கிறார். குன்னூரில் வண்டி நின்றதும் ‘கேன் யூ கெட் அஸ் சம் டீ?’ என்கிறார், நாம் பாதையில் உள்ள நெரிசலை விளக்கி முடித்ததும் ‘காட் இட்’ என்கிறார். முதல் வாக்கியத்தில் அது போய்ச் சேர்வதையும், இரண்டாவதில் ஒரு நிலைக்கு மாறுவதையும், மூன்றாவதில் கொண்டுவந்து தருவதையும், நான்காவதில் புரிந்துகொள்வதையும் குறிக்கிறது. ஒன்றில்கூடப் ‘பெறு’ பொருந்தவில்லை.

இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை, ஏனெனில் தமிழிலும் ‘போடு’ என்ற வினை இப்படித்தான் நடந்துகொள்கிறது. சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், டீ போடுகிறோம், கோழி முட்டை போடுகிறது, காவலர் அபராதம் போடுகிறார். இவற்றின் பொருளை நாம் ‘போடு’ என்பதிலிருந்து எடுப்பதில்லை. அதன் பக்கத்தில் நிற்கும் சொல்லிலிருந்து எடுக்கிறோம். ‘கெட்’ விஷயத்திலும் அதுவே வழி. தமிழில் பக்கத்துச் சொல் வினைக்கு முன்னால் நிற்கும், ஆங்கிலத்தில் பின்னால் நிற்கும் என்பதே வேறுபாடு. ஆகவே ‘கெட்’ காதில் விழுந்ததும் அதற்குப் பொருள் தேடாமல், அடுத்து வருவது பெயர்ச்சொல்லா, பண்பைச் சொல்லும் சொல்லா, இடமா, வினையின் மூன்றாம் வடிவமா என்று கவனிக்கப் பழகுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது முழுவதும் அந்த ஒரு பழக்கத்தின் விரிவுதான்.

முதலில் ஒலியும் வடிவங்களும்

சொல்லின் முதல் ஒலி ‘தங்கம்’ என்பதில் வரும் ககரத்தைப் போல அதிர வேண்டும். ‘கெடு’ என்பதில் உள்ள வன்மையான ககரம் போட்டால் வெளிநாட்டுப் பயணியின் காதில் அது வேறு சொல்லாக விழக்கூடும். நிகழ்காலத்தில் ‘கெட்’, ‘கெட்ஸ்’, தொடர்நிலையில் ‘கெட்டிங்’, இறந்தகாலத்தில் ‘காட்’. மூன்றாம் வடிவம் பிரிட்டனில் ‘காட்’, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘காட்டன்’. அமெரிக்கப் பயணி ‘இட் ஹாஸ் காட்டன் கோல்டர்’ என்றால் பருத்தித் துணியைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. குளிர் கூடிவிட்டது என்கிறார். ‘காட்டன்’ என்பது அமெரிக்கர் புதிதாகச் சேர்த்த வடிவம் என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் அது பழைய ஆங்கில வடிவம். கடல் கடந்து போனவர்கள் அதை வைத்துக்கொண்டார்கள், பிரிட்டனில் இருந்தவர்கள் கைவிட்டார்கள். சொல்லே ஆங்கிலத்துக்கு வந்தேறிதான்: வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து அது வந்தது.

அடுத்து வருவது பெயர்ச்சொல்லானால்

‘கெட்’ என்பதை அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால் அது கிடைத்தல், வாங்குதல், கொண்டுவருதல் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். தமிழரின் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. காரணம் வாக்கிய அமைப்பு. ‘எனக்கு வேலை கிடைத்தது’ என்னும்போது தமிழில் எழுவாய் வேலை; நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்திலோ ‘ஐ காட் எ ஜாப்’. அங்கே நான்தான் எழுவாய், வேலை செயப்படுபொருள். தமிழ் வாக்கியத்தின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றுபவர் ‘டு மீ’ என்று தொடங்கி நடுவழியில் நின்றுவிடுகிறார். ஆகவே ‘எனக்கு’, ‘அவருக்கு’, ‘உங்களுக்கு’ என்ற சொல்லும் ‘கிடை’ என்ற வினையும் மனத்தில் சேர்ந்து தோன்றினால், அந்த ‘கு’ உருபைக் கழற்றிவிட்டு ஆளை வாக்கியத்தின் தலையில் வையுங்கள்: ‘உங்களுக்குப் பழைய பேருந்து நிலையத்தில் ஆட்டோ கிடைக்கும்’ என்பது ‘யூ வில் கெட் அன் ஆட்டோ அட் த ஓல்ட் பஸ் ஸ்டாண்ட்’ ஆகும்.

இதே இடத்தில் இன்னொரு வழுக்கலும் உண்டு. ‘ஆட்டோ கிடைக்குமா?’ என்று கேட்டால் ‘கிடைக்காது’ என்ற ஒரே சொல் தமிழில் முழுமையான விடை. ஆங்கிலத்தில் ‘கெட்’ தனியே நிற்காது; எது கிடைக்காது என்பதைக் குறிக்க ஒரு சிறு சொல்லாவது அதன் பின்னால் வேண்டும். ‘யூ வில் நாட் கெட்’ என்று நிறுத்துவது பாதி வாக்கியம். எண்ணக்கூடிய பொருளானால் ‘யூ வோன்ட் கெட் ஒன்’ என்றும், பால், பெட்ரோல் போன்றவையானால் ‘யூ வோன்ட் கெட் எனி’ என்றும் முடிக்க வேண்டும். கைபேசிக்கும் இதுவே விதி. மஞ்சூர்ப் பக்கம் போகிறவர் ‘ஐ அம் நாட் கெட்டிங்’ என்று சொன்னால் போதாது; ‘ஐ அம் நாட் கெட்டிங் எ சிக்னல்’ என்று சொல்ல வேண்டும்.

தானாக வந்ததைக் ‘கிடைத்தது’ என்றும், முயன்று எடுத்ததை ‘வாங்கினேன்’ என்றும் தமிழ் பிரித்துச் சொல்லிவிடும். ‘கெட்’ இந்த வேறுபாட்டைக் காட்டாது. ‘ஐ காட் டூ கிலோஸ் ஆஃப் டீ’ என்றால் இரண்டு கிலோ தேயிலையைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம், யாராவது சும்மா கொடுத்தும் இருக்கலாம். கணக்குத் தெளிவாக இருக்க வேண்டிய இடத்தில், குறிப்பாகப் பயணி தந்த முன்பணத்தில் நாம் செலவு செய்ததைச் சொல்லும்போது, ‘காட்’ என்பதை விட்டுவிட்டு, வாங்கினேன் என்பதற்கு ‘பாட்’ என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். அனுமதிச் சீட்டு போன்றவற்றுக்கு ‘கெட்’ நன்றாகப் பொருந்தும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. தொலைபேசியில் அறை கேட்பவரிடம் ‘யூ நீட் டு கெட் அன் இ-பாஸ் பிஃபோர் யூ கம்’ என்று சொன்னால் போதும்.

கொண்டுவந்து தருவதைக் குறிக்கும்போது ‘கெட்’ அடுத்தடுத்து இரண்டு பெயர்களை ஏற்கும்: முதலில் ஆள், பிறகு பொருள். ‘கெட் ஹர் எ பிளாங்கெட்’ என்றால் அவருக்கு ஒரு கம்பளி கொண்டு வா. விருந்தினரிடம் பணிவாகக் கேட்க ‘கேன் ஐ கெட் யூ சம் டீ?’ என்ற வாக்கியத்தை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். ‘டீ கொண்டு வரட்டுமா?’ என்பதற்கு அதைவிட இயல்பான ஆங்கிலம் இல்லை. ‘யூ’ என்ற சொல் இல்லாமல் பயணியே ‘கேன் ஐ கெட் எ காஃபி?’ என்றால், தாமே போய் எடுத்து வர அனுமதி கேட்கவில்லை. தமக்கொரு காபி தரச் சொல்கிறார்.

நோய்க்கும் ‘கெட்’ உண்டு, அங்கே தமிழ் ‘பிடி’ என்று சொல்லும். சளி பிடித்தது என்பதற்கு ‘ஐ காட் எ கோல்ட்’. நடுவில் உள்ள ‘எ’ என்ற ஓரெழுத்தை விட்டுவிட்டால் ‘ஐ காட் கோல்ட்’ ஆகிவிடும். அப்போது குளிர் எடுத்தது என்று பொருள். உறைபனி விழும் டிசம்பர், சனவரி மாதங்களில் உதகைக்கு வருபவருக்கு இரண்டும் நேரலாம் என்றாலும், ஒருவருக்குக் கம்பளியும் மற்றவருக்கு மருந்துக் கடையும் தேவை. அந்த ஓரெழுத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

பண்பைச் சொல்லும் சொல்லானால்

‘கோல்ட்’, ‘டார்க்’, ‘டயர்ட்’, ‘லேட்’, ‘வெட்’, ‘ரெடி’ போன்ற சொல் பின்னால் வந்தால் ‘கெட்’ என்பதன் பொருள் ‘ஆகு’. தமிழில் இதற்குத் தனித்தனி வினைகளே இருக்கின்றன: இருட்டுகிறது, குளிர்கிறது, நேரமாகிறது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘இட் இஸ் கெட்டிங்’ போதும். தொட்டபெட்டாவின் உச்சியில், 2,637 மீட்டர் உயரத்தில், மூடுபனி ஏறிவரும் வேளையில் ‘இட் இஸ் கெட்டிங் மிஸ்டி, லெட் அஸ் கோ டவுன்’ என்று சொல்லும் ஓட்டுநர் பிழையற்ற ஆங்கிலம் பேசுகிறார்.

நிலையையும் மாற்றத்தையும் பிரித்துணர்வது இங்கே முக்கியம். ‘ஐ அம் வெட்’ என்றால் நனைந்திருக்கிறேன். ‘ஐ காட் வெட்’ என்றால் நனைந்துவிட்டேன். தமிழ் வாக்கியம் ‘இருக்கிறேன்’ என்று முடிந்தால் ‘அம்’, ‘இஸ்’, ‘ஆர்’. ‘விட்டேன்’, ‘விட்டது’ என்று முடிந்தால் ‘காட்’. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாவிட்டாலும் பத்தில் எட்டு முறை கைகொடுக்கும் என்றே நினைக்கிறேன்.

பொருந்தாத இடங்களில் இரண்டை மட்டும் சொல்லிவிடலாம். உணவு கெட்டுப்போவதற்கு ‘கெட்’ வராது. பால் கெட்டுவிட்டது என்பதற்கு ‘த மில்க் ஹாஸ் கான் பேட்’ என்பதே வழக்கு. நம் ‘கெட்டு’ வேறு, அவர்கள் ‘கெட்’ வேறு. மற்றொன்று, ‘ஆகு’ என்று வரும் எல்லா இடத்திலும் ‘கெட்’ போடலாகாது என்பது. மகன் மருத்துவர் ஆனான் என்று சொல்ல நினைத்து ‘மை சன் காட் எ டாக்டர்’ என்றால், மகன் எங்கோ போய் ஒரு மருத்துவரை அழைத்து வந்தான் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார், ஏனெனில் பின்னால் வருவது பெயர்ச்சொல். அங்கே ‘பிகேம்’ வேண்டும்.

இடமானால்

பின்னால் ‘டு’ என்பதும் ஓர் ஊரின் பெயரும் வந்தால், போய்ச் சேர்தல். ‘கோ’ புறப்படுவதையும் போவதையும் சொல்கிறது. ‘கெட்’ சேர்வதைச் சொல்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயில் 46 கிலோமீட்டர்தான் போகிறது. ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு நீராவி எஞ்சின் ஏறுவதால் பயணம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. ‘ஹவ் லாங் டஸ் இட் டேக் டு கெட் டு ஊட்டி?’ என்று பயணி கேட்பது இந்தச் சேரும் நேரத்தைத்தான். ‘ஹவ் டூ ஐ கெட் டு சிம்ஸ் பார்க்?’ என்றால் வழி கேட்கிறார். வீடு, இங்கே, அங்கே ஆகியவற்றுக்கு ‘டு’ கிடையாது: ‘கெட் ஹோம்’, ‘கெட் ஹியர்’, ‘கெட் தேர்’. அதே பொருள் தரும் ‘ரீச்’ என்ற வினைக்கும் ‘டு’ கிடையாது. ‘ரீச் டு ஊட்டி’ என்பது நம் மலைப்பாதை முழுவதும் கேட்கிற, பரவலான பிழை.

‘கெட்’ என்பதற்கும் இடத்துக்கும் நடுவில் ஆள் வந்தால், அந்த ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பொருள். ‘கேன் யூ கெட் அஸ் டு மேட்டுப்பாளையம் பை ஃபோர்?’ என்பதற்கு விடை சொல்லும்முன் ஓட்டுநர் யோசிக்க வேண்டும், ஏனெனில் அது வாக்குறுதி கேட்கும் கேள்வி. கோடைச் சீசனில் குன்னூர் வழியாக ஏறும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்லி ஒருவழிப் பாதை அறிவிக்கப்படும் நாட்களில் ‘ஐ வில் ட்ரை டு கெட் யூ தேர் பை ஃபோர்’ என்பதே நேர்மையான பதில்.

‘டு’ என்பதன் பின்னால் ஊர்ப் பெயருக்குப் பதில் வினை வந்தால் பொருள் மாறிவிடுகிறது. இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘வி காட் டு சீ எ கௌர்’ என்றால் காட்டெருமையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது என்று பொருள். அதில் மகிழ்ச்சி இருக்கிறது. ‘வி ஹேவ் காட் டு சீ த மேனேஜர்’ என்றால் மேலாளரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பொருள். அதில் கட்டாயம் இருக்கிறது. பிரிப்பது ‘ஹேவ்’ என்ற சொல் ஒன்றே. பேச்சு வேகத்தில் அது தேய்ந்து ‘வீவ் காட் டு’ என்றும், இன்னும் தேய்ந்து வெறும் ‘வி காட் டு’ என்றும் ஒலிக்கும்போது காது ஏமாறும். அப்போது பேச்சு முடிந்துபோனதைப் பற்றியதா, இனி நடக்க வேண்டியதைப் பற்றியதா என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கொடைக்கானல் பக்கம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. ‘வி காட் டு சீ இட் இன் 2018’ என்பவர் பார்த்துவிட்டவர்; ‘வீவ் காட் டு சீ இட் இன் 2030’ என்பவர் பார்த்தே தீருவது என்று இருப்பவர்.

‘டு’ இல்லாமல் ‘ஹேவ் காட்’ மட்டும் வந்து, பிறகு பொருளின் பெயர் வந்தால் அது உடைமை. ‘ஹேவ் யூ காட் சேஞ்ச்?’ என்றால் சில்லறை இருக்கிறதா. சில்லறை கிடைத்ததா என்று கேள்வி இல்லை.

வினையின் மூன்றாம் வடிவமானால்

‘வி காட் ஸ்டக் அட் பர்லியார்’, ‘ஹி காட் ஃபைன்ட்’, ‘த பஸ் காட் டிலேட்’ ஆகியவற்றில் ‘கெட்’ செயப்பாட்டு வினையை உண்டாக்குகிறது. பள்ளியில் இதற்குப் ‘படு’ விகுதியைக் கற்பித்தார்கள். ஆனால் ‘நாங்கள் பர்லியாரில் நிறுத்தப்பட்டோம்’ என்று யாரும் வீட்டில் சொல்வதில்லை, ‘மாட்டிக்கொண்டோம்’ என்கிறோம். அந்தக் ‘கொண்டோம்’ தருகிற, நம் கையில் இல்லாமல் நேர்ந்தது என்ற உணர்வைத்தான் ‘காட்’ தருகிறது. பெரும்பாலும் கெட்டது நடந்தால் இப்படிச் சொல்வார்கள். பதவி உயர்வு, தேர்வு போன்ற நல்லவற்றுக்கும் சொல்வதுண்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் நீலகிரியில் தடை செய்யப்பட்டது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலோடு வருபவரை எச்சரிக்க ‘யூ மே கெட் ஃபைன்ட்’ என்பது அளவான சொல், மிரட்டலாகவும் ஒலிக்காது. திருமணத்துக்கும் இதே அமைப்பு வரும்: ‘ஷி காட் மேரிட் டு எ டீச்சர்’. அங்கே ‘டு’ வர வேண்டும். நாம் ‘ஆசிரியரோடு’ என்று நினைப்பதால் ‘வித்’ என்று வாயில் வந்துவிடுகிறது.

‘கெட்’ என்பதற்கும் மூன்றாம் வடிவத்துக்கும் இடையே ஒரு பொருளின் பெயர் புகுந்தால், பிறரைக் கொண்டு செய்வித்தல் ஆகும். இதில் தமிழர் தடுமாறுவதற்கு இலக்கணம் காரணமில்லை, நம் பேச்சு வழக்கமே காரணம். கொத்தனார் கட்டிய வீட்டை ‘வீடு கட்டினேன்’ என்கிறோம். முடி திருத்தகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ‘முடி வெட்டினேன்’ என்கிறோம். ‘கட்டுவித்தேன்’, ‘வெட்டுவித்தேன்’ என்பன ஏட்டில் மட்டும் உள்ளன. ஆகவே ஆங்கிலத்திலும் ‘ஐ ரிப்பேர்ட் த ஜீப்’ என்கிறோம். கேட்கும் பயணி நம்மை மெக்கானிக் என்று நினைத்துக்கொள்கிறார். பணிமனையில் கொடுத்துச் சரிசெய்திருந்தால் ‘ஐ காட் த ஜீப் ரிப்பேர்ட்’. வேலையைச் செய்தது யார் கை என்று ஒரு கணம் யோசியுங்கள்; பிறர் கை என்றால் ‘காட்’, பொருள், மூன்றாம் வடிவம் என்ற வரிசை.

செய்விக்கப்படும் ஆளின் பெயரைச் சொல்வதானால் ‘டு’ சேர்த்து வினையின் முதல் வடிவத்தைப் போட வேண்டும்: ‘ஐ வில் கெட் த எலக்ட்ரீஷியன் டு கம் திஸ் ஈவ்னிங்’. ‘மேக்’ என்றால் கட்டாயப்படுத்திச் செய்ய வைப்பது, அதற்கு ‘டு’ இல்லை. ‘கெட்’ என்றால் சொல்லிக் கேட்டு இணங்க வைப்பது. வெந்நீர் வரவில்லை என்று கோபமாக நிற்கும் விருந்தினரிடம் ‘ஐ வில் கெட் இட் ஃபிக்ஸ்ட்’ என்ற ஐந்து சொற்கள் செய்கிற வேலையை நீண்ட மன்னிப்பு செய்யாது. இதே அமைப்பில் பண்புச் சொல்லும் வரும்: ‘கெட் த ரூம் ரெடி’. குளிர் காலத்தில் விறகு மூட்டுவதற்கு ‘கெட் த ஃபயர் கோயிங்’ என்பார்கள்.

ஏறுவது, இறங்குவது, மற்றவை

‘கெட்’ என்பதோடு ‘அப்’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘பேக்’ போன்ற சிறு சொற்கள் சேர்ந்து உண்டாக்கும் தொடர்கள் ஏராளம்; எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிப்பது வீண் வேலை. மலையில் அன்றாடம் தேவைப்படுபவை வண்டியைச் சார்ந்தவை. பேருந்து, ரயில் போன்ற, உள்ளே நிமிர்ந்து நடக்கக்கூடிய வாகனத்துக்குக் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார், ஜீப், ஆட்டோ போன்றவற்றுக்குக் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. இந்தியர் எல்லோரும் சொல்லும் ‘கெட் டவுன்’ இந்தியாவுக்குள் தாராளமாகப் புரியும். அதைப் பிழை என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வெளிநாட்டவரிடம் அது குனி, தரையோடு படு என்ற எச்சரிக்கையாகவும் விழலாம்; காட்டெருமை நடமாடும் சாலையில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

‘கெட் அவுட்’ நமக்குச் சங்கடமான தொடர். தமிழ்ப் பேச்சில் அது ஆளை விரட்டும் வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆகையால் காரிலிருந்து விருந்தினரை இறங்கச் சொல்ல அதைப் பயன்படுத்த நம் ஓட்டுநர்கள் கூசுகிறார்கள். தனியே, அழுத்திச் சொன்னால் ஆங்கிலத்திலும் அது விரட்டுவதுதான். ‘யூ கேன் கெட் அவுட் ஹியர்’ என்று முன்னும் பின்னும் சொற்களைச் சேர்த்தால் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘கெட் பேக்’ திரும்பி வருவது. ‘கெட் பேக் டு யூ’ விசாரித்துவிட்டுப் பதில் சொல்வது. ‘கெட் த்ரூ’ தொலைபேசி இணைப்புக் கிடைப்பதையும், நெரிசலைக் கடப்பதையும், தேர்வில் தேறுவதையும் குறிக்கும். ‘கெட் ஓவர்’ காய்ச்சலிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீள்வது. ‘கெட் பை’ இருப்பதைக் கொண்டு சமாளிப்பது. ‘கெட் ரிட் ஆஃப்’ ஒழித்துக்கட்டுவது; குரங்குத் தொல்லையைப் பற்றிப் பேசும்போது இது தவறாமல் வரும். ‘கெட் அவே’ கோடை வெயிலிலிருந்து தப்பி வருவது. மலை விடுதிகளின் விளம்பரப் பலகைகளில் ‘கெட்டவே’ என்று காணப்படுவது இதன் பெயர்ச்சொல் வடிவம்.

புரிந்துகொள்ளுதல் என்ற பொருளில் வரும்போது மட்டும் மரியாதையைக் கவனிக்க வேண்டும். ‘காட் இட்’ என்று நாமே சொல்வது சரி. பெரியவரிடம் ‘காட் இட்?’ என்று கேட்பது ‘புரிஞ்சுதா?’ என்று அதட்டுவது போலாகும். நமக்குப் புரியாதபோது ‘ஐ டோன்ட் கெட் யூ’ என்பது எதிரில் இருப்பவர் தெளிவாகப் பேசவில்லை என்று குறை சொல்வது போல விழும். ‘சாரி, ஐ டிட்ன்ட் கெட் தட்’ என்றால் காதில் விழவில்லை என்பதாக மென்மையாக முடிந்துவிடும்.

எழுத்தில் எங்கே தவிர்ப்பது

மேலே சொன்னவை பேச்சுக்கு உரியவை. அலுவலகக் கடிதத்திலும் விண்ணப்பத்திலும் ‘கெட்’ என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் உரிய தனிச் சொல்லால் மாற்றிவிடுவது நல்லது: கடிதம் கிடைத்ததற்கு ‘ரிசீவ்’, உரிமம் வாங்குவதற்கு ‘அப்டெய்ன்’, ஆவதற்கு ‘பிகம்’, சேர்வதற்கு ‘அரைவ்’. கொச்சித் தேயிலை ஏலத்துக்குச் சரக்கு அனுப்பும் தொழிற்சாலை ‘வி ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர்’ என்று எழுத வேண்டும். ‘வி காட் யுவர் லெட்டர்’ என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் தோளில் கைபோட்டுப் பேசுவது போலிருக்கும். இதைக் கற்றவர் சிலர் பேச்சிலும் ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’ என்றே பேசத் தொடங்குகிறார்கள்; தேநீர்க் கடையில் அது செந்தமிழில் வடை கேட்பதைப் போன்றது.

பழகிப் பார்க்க

பின்வருவன மேட்டுப்பாளையத்தில் ஏறிய ஒரு பயணி வழியில் சொல்லக்கூடியவை. ஒவ்வொன்றிலும் ‘கெட்’ என்பதன் பின்னால் நிற்பது என்ன என்று பார்த்துவிட்டு, தமிழில் நீங்களே சொல்லிப் பாருங்கள். பிறகு கீழே உள்ள விளக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

‘சாரி, வி காட் ஹெல்ட் அப் இன் கோயம்புத்தூர்.’
‘மை மதர் கெட்ஸ் சிக் ஆன் த பெண்ட்ஸ்.’
‘வேர் கேன் ஐ கெட் திஸ் ஃபோன் ஃபிக்ஸ்ட்?’
‘வில் வி கெட் டு சீ த ட்ரெய்ன் ஃப்ரம் த ரோட்?’
‘ஐவ் காட் டு கெட் பேக் டு மை ஆபீஸ் பை சிக்ஸ்.’

முதலாவதில் மூன்றாம் வடிவம் நிற்கிறது: கோயம்புத்தூரில் தாமதமாகிவிட்டது, எங்கள் கையில் இல்லை. இரண்டாவதில் பண்புச் சொல்: வளைவுகளில் அம்மாவுக்குக் குமட்டும், கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகப் போகும்படியான மறைமுக வேண்டுகோளும் அதில் அடங்கியிருக்கிறது. மூன்றாவதில் நடுவே பொருளும் பிறகு மூன்றாம் வடிவமும் வருவதால் செய்வித்தல்: கைபேசியை எங்கே கொடுத்துச் சரிசெய்யலாம்? நான்காவதில் ‘டு’ என்பதன் பின்னால் வினை: சாலையிலிருந்து ரயிலைப் பார்க்க வாய்க்குமா? ஐந்தாவதில் இரண்டு முறை வருகிறது. ‘ஐவ் காட் டு’ என்பது கட்டாயம். ‘கெட் பேக் டு மை ஆபீஸ்’ என்பது ஆறு மணிக்குள் அலுவலகத்துக்குத் திரும்பிப் போவதாகவும் இருக்கலாம், அலுவலகத்துக்குப் பதில் சொல்வதாகவும் இருக்கலாம். உதகைக்கு அறை பதிவு செய்துவிட்டு வண்டியில் உட்கார்ந்திருப்பவர் இதைச் சொன்னால் இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள்.